220 நாற்காலிகளும் ஒரு பணப்பையும்

நியூசிலாந்தில் 2010 முதல் 2022 வரை 20 மாவட்ட சுகாதார வாரியங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 11 உறுப்பினர்கள். 7 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 4 பேர் வரை சுகாதார அமைச்சர் நியமித்தார். பெருக்கிப் பார்த்தால் 220 நாற்காலிகள்: தேர்தலால் 140, நியமனத்தால் 80. 2022 ஜூலை 1 அன்று இந்த 220ம் ஒரே நாளில் இல்லாமல் போயின. நாடு முழுவதற்கும் ஒரே சுகாதார நிறுவனம், அதற்குப் பத்துக்கும் குறைவான ஆட்களைக் கொண்ட ஒரே வாரியம் என்றானது. இரண்டே ஆண்டில், 2024 ஜூலையில், அந்த வாரியத்துக்குப் பதிலாக ஒற்றை ஆணையர் வந்தார்.

ஏறத்தாழ 50 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. 2018–19இல் அரசு சுகாதாரத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 1,800 கோடி நியூசிலாந்து டாலர். அதில் முக்கால் பங்கு இந்த வாரியங்களின் வழியாகத்தான் செலவானது. அத்தனை பணத்துக்குக் காவலாக உட்கார்ந்தவர்கள் யார், எந்தத் தொழிலிலிருந்து வந்தார்கள், அவர்களை யார் உட்காரவைத்தது என்ற கேள்விகளுக்கு எண்கள் நேரான பதில் சொல்கின்றன.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. 1980களின் இறுதியில் அங்கே 14 வட்டார சுகாதார வாரியங்கள் இருந்தன. பெரும்பாலான உறுப்பினர்கள் தேர்தலில் வென்றவர்கள். 1991 ஜூலையில், பட்ஜெட் இரவன்று, அரசு அவற்றைக் கலைத்தது. 1993இல் மருத்துவமனைகள் 23 அரசு நிறுவனங்களாயின. அவற்றுக்குப் பணம் கொடுத்துச் சேவையை வாங்க 4 வட்டார அமைப்புகள் உருவாயின. வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்ற சந்தை முறை அது. ஆகவே அந்த 23 நிறுவனங்களின் வாரியங்களில் வணிகத் துறையினர் அதிகமாக நியமிக்கப்பட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை. இந்த ஏற்பாட்டின்மீது எழுந்த கோபத்தில்தான் 2000ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. அப்போது ஆனெட் கிங் சுகாதார அமைச்சர். 2001 ஜனவரி 1 அன்று 21 மாவட்ட வாரியங்கள் தொடங்கின; ஒட்டாகோவும் சவுத்லாந்தும் 2010 மே மாதம் இணைந்தபோது அது 20 ஆனது.

ஏழு பேர் எப்படி வந்தார்கள்

முதல் தேர்தல் 2001 அக்டோபரில் நடந்தது. அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து, தபால் வழியே. 2004 முதல் வாரியத் தேர்தலுக்கு மட்டும் விருப்ப வரிசை முறை கட்டாயமானது. பல ஊர்களில் மேயருக்கு ஒரு டிக் அடித்துவிட்டு, அதே உறையில் இருக்கும் வாரியச் சீட்டில் 1, 2, 3 என்று எண் போட வேண்டியிருந்தது. நிறையப் பேர் குழம்பினார்கள். சிலர் வாரியச் சீட்டைத் தொடாமலே அனுப்பினார்கள்.

வேட்பாளரின் பின்னணியை வாக்காளர் அறிய இருந்த வழி, உறையோடு வரும் சிறு அறிமுகக் குறிப்பு. அதற்குச் சட்டம் விதித்த வரம்பு 150 சொற்கள். அதோடு, தமக்குச் சொந்த நலன் ஏதாவது குறுக்கிடுகிறதா என்பதையும் வேட்பாளர் தெரிவிக்க வேண்டியிருந்தது. பிரசாரக் கூட்டமும் கட்சிச் சின்னமும் பெரிதாக இல்லாத தேர்தலில் 150 சொற்களை வைத்து முடிவெடுப்பவர், ஏற்கெனவே தெரிந்த பெயரைத் தேடுவார். அப்படித்தான் நடந்தது. ஊரில் பல ஆண்டு பணியாற்றிய டாக்டர், நர்ஸ், முன்னாள் மேயர், நகரமன்ற உறுப்பினர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் போன்றவர்கள் திரும்பத் திரும்ப வென்றார்கள்.

இதைக் குறையாக மட்டும் பார்க்க நான் தயாராக இல்லை. வார்டில் இரவுப் பணி பார்த்த நர்ஸுக்குத் தெரியும் செலவு, தணிக்கையாளரின் தாளில் வராது. ஆனால் ஒரு சிக்கல் உண்மையாகவே இருந்தது. வாரியத்தின் மருத்துவமனையிலேயே சம்பளம் வாங்குபவர் அதே வாரியத்துக்குப் போட்டியிட இந்தச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. தன் நலன் தொடர்பான விஷயம் வரும்போது அதைப் பதிவேட்டில் சொல்லிவிட்டு, முடிவெடுப்பதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது. வாரியத்தின் செலவில் மிகப் பெரிய பங்கு ஊழியர் சம்பளம் என்னும்போது, அந்த மேசையில் டாக்டர்களும் நர்ஸுகளும் எத்தனை முறை விலகியிருக்க முடியும்?

இன்னொரு கணக்கு மக்கள்தொகை. வெஸ்ட் கோஸ்ட் வாரியத்தின் எல்லைக்குள் சுமார் 32,000 பேர். ஆக்லாந்தின் வடக்கையும் மேற்கையும் சேர்ந்த வைட்டெமாட்டா வாரியத்தில் 6 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் அதே 7 தேர்தல் இடங்கள். வெஸ்ட் கோஸ்ட்டில் சுமார் 4,600 பேருக்கு ஒரு பிரதிநிதி. வைட்டெமாட்டாவில் 85,000க்கு மேற்பட்டோருக்கு ஒருவர். முதலாமவரை மளிகைக் கடையில் வழிமறித்துப் பேசலாம். இரண்டாமவரின் பெயர்கூடப் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது.

வாக்களித்தவர்கள் எவ்வளவு பேர்? 2001இல் ஏறக்குறைய பாதிப் பேர். பிறகு 40 சதவீதத்தை ஒட்டி இறங்கி நின்றது. இதைக் காட்டித்தான் ‘மக்களுக்கே அக்கறையில்லை’ என்றார்கள். ஸ்காட்லாந்து இதே பரிசோதனையை 2010இல் இரண்டு வாரியங்களில் செய்தது. ஃபைஃபில் சுமார் 14 சதவீதமும் டம்ஃப்ரீஸ்–காலவேயில் சுமார் 23 சதவீதமும் வாக்களித்தார்கள்; பரிசோதனை 2013இல் கைவிடப்பட்டது. அந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் நியூசிலாந்தின் 40 அவ்வளவு மோசமில்லை.

நான்கு பேர் எதற்காக

அமைச்சரின் 4 இடங்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தேர்தல் தராத திறமையை நிரப்புவது: கணக்குத் தணிக்கை, சட்டம், பெரிய நிறுவன நிர்வாகம். தலைவரையும் துணைத் தலைவரையும் குறிப்பதும் அமைச்சரே. வாக்குகளில் முதலிடம் பெற்றவர்தான் தலைவர் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது வேலை இன்னும் கனமானது. நாட்டின் பூர்வகுடிகள் மாவோரிகள்; வாரியத்தில் மாவோரி உறுப்பினர்களின் பங்கு அந்த மாவட்டத்தின் மாவோரி மக்கள்தொகைக்கு ஏற்ப இருக்க அமைச்சர் முயல வேண்டும், எப்படியும் 2 பேருக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொன்னது. தைராஃபிட்டியில் மக்களில் ஏறத்தாழ பாதி மாவோரிகள். அங்கே 11இல் 5 அல்லது 6 என்று வரும். கேன்டர்பரியில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. விகிதப்படி பார்த்தால் ஒரே ஒருவர், 2 என்ற குறைந்தபட்சம்தான் அங்கே கைகொடுத்தது. தேர்தலில் வென்று வந்த மாவோரிகள் குறைவு என்பதால் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் நியமன இடங்களின் தலையில் விழுந்தது. தணிக்கையாளரும் வேண்டும், வழக்கறிஞரும் வேண்டும், இரண்டு மாவோரிகளும் வேண்டும்; இருப்பதோ நான்கு இடம்.

இது வெறும் இட ஒதுக்கீட்டுக் கணக்கு அல்ல. 2017–19 காலத்துக்கான அரசுப் புள்ளிவிவரத்தில் மாவோரி ஆண்களின் எதிர்பார்ப்பு ஆயுள் 73.4 ஆண்டு, மற்ற ஆண்களுக்கு 80.9. பெண்களில் 77.1க்கு எதிரே 84.4. ஏழு ஆண்டுக்கும் மேற்பட்ட இந்த இடைவெளி, 18 ஆண்டு வாரிய நிர்வாகத்துக்குப் பிறகும் இருந்த இடைவெளி. பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே 1840இல் ஏற்பட்ட வைதாங்கி உடன்படிக்கை தொடர்பான புகார்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் 2019 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், மேசையில் எப்போதும் சிறுபான்மையாக மாவோரிகளை உட்காரவைக்கும் ஏற்பாடு கூட்டாண்மை ஆகாது என்றது. எனக்கும் அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

பணப்பை யாரிடம்

வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் இருக்கவில்லை. மக்கள்தொகை, வயது, வறுமை போன்றவற்றை எடைபோடும் சூத்திரப்படி தலைநகர் வெலிங்டனிலிருந்து பணம் வந்தது. சம்பளமும் பெரும்பாலும் தேசிய அளவில் பேசி முடிவானது. 2018 ஜூலை 12 அன்று சுமார் 30,000 நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகளில் நாடு தழுவிய முதல் நிறுத்தம். அவர்கள் முன் வைக்கப்பட்ட தொகை 50 கோடி டாலரை ஒட்டியது. பேச்சுவார்த்தையில் முதலாளி என்று பெயர் 20 வாரியங்களுக்கு. தொகையைத் தீர்மானிக்கும் சாவி அரசிடம்.

பற்றாக்குறை வந்தால் பழி மட்டும் வாரியத்துக்கு. சட்டப்படி அமைச்சர் முழு வாரியத்தையும் நீக்கி ஆணையரை வைக்க முடிந்தது. மூன்று முறை அது நடந்தது. 2008 பிப்ரவரியில் ஹாக்ஸ் பே: நியமன உறுப்பினர் ஒருவருக்குத் தொடர்புள்ள நிறுவனம் வாரியத்தின் ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்டதில் தொடங்கிய சச்சரவு, பற்றாக்குறையோடு சேர்ந்து முற்றியது. அமைச்சர் டேவிட் கன்லிஃப் வாரியத்தைக் கலைத்தார். ஆட்சி மாறிய பின் 2009இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 2015 ஜூனில், ஒட்டாகோவும் சவுத்லாந்தும் இணைந்து உருவான தெற்கு வாரியம். அங்கே 2016 தேர்தலே நடக்கவில்லை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நாலரை ஆண்டு பிரதிநிதி இல்லாமல் இருந்தார்கள். 2019 மே மாதம் வைக்காட்டோ. அந்த அக்டோபரில் 20இல் 19 வாரியங்களுக்கே தேர்தல். இருக்க வேண்டிய 140 இடங்கள் அந்த முறை 133.

ஹாக்ஸ் பேயை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சொந்த நலன் குறுக்கிடும் ஆபத்து தேர்தலில் வரும் டாக்டரிடம்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே சர்ச்சைக்கு மையமானது ஒரு நியமன நாற்காலி.

எண்ணிக்கையில் இன்னொன்று. மருத்துவம் படித்து நிர்வாகத்துக்கு வந்த லெஸ்டர் லெவி 2016 வாக்கில் வைட்டெமாட்டா, ஆக்லாந்து, கவுன்டீஸ் மனுக்காவ் ஆகிய மூன்று வாரியங்களுக்கும் ஒரே நேரத்தில் தலைவர். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் அந்த மூன்றின் எல்லைக்குள். 2024 ஜூலையில் ஒற்றை ஆணையராக அமர்ந்தவரும் அவரே.

கலைத்தபின் வந்த கணக்கு

ஹெதர் சிம்ப்சன் தலைமையிலான ஆய்வு 2020 ஜூனில் வெளியானது. 20 வாரியங்களை 8 முதல் 12 வரை குறைக்க வேண்டும், உறுப்பினர் அனைவரும் நியமனமாக இருக்க வேண்டும் என்றது. 2021 ஏப்ரலில் அமைச்சர் ஆண்ட்ரூ லிட்டில் அதையும் தாண்டி எல்லாவற்றையும் ஒன்றாக்குவதாக அறிவித்தார். மாவோரி சுகாதாரத்துக்குத் தனி ஆணையம் ஒன்றும் உருவானது. அது 2024 ஜூன் இறுதியில் ஒழிக்கப்பட்டது.

புதிய தேசிய வாரியத்தின் முதல் தலைவர் ராப் கேம்பல். தொழிற்சங்கத்தில் தொடங்கிப் பெரிய நிறுவனங்களின் இயக்குநரானவர். உடன் இருந்தவர்களில் முன்னாள் நீதித்துறை அமைச்சர் ஏமி ஆடம்ஸ், சுகாதாரத் துறையின் முன்னாள் தலைமை இயக்குநர் டாக்டர் கேரன் பூட்டாசி, சிறுநீரக மருத்துவர் கர்ட்டிஸ் வாக்கர் ஆகியோர் உண்டு. திறமையில் குறைசொல்ல முடியாத பட்டியல். ஆனால் அமைச்சரின் கையெழுத்தில் வந்தவர் அதே கையெழுத்தில் போவார். எதிர்க்கட்சியின் நீர்வளக் கொள்கையைச் சமூக ஊடகத்தில் விமர்சித்ததற்காக கேம்பல் 2023 பிப்ரவரியில் நீக்கப்பட்டார்.

பணம் மிச்சமானதா? 2018–19இல் 20 வாரியங்களின் மொத்தப் பற்றாக்குறை 100 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி, விடுமுறைச் சம்பளமாக ஊழியர்களுக்குத் தர வேண்டியிருந்த பழைய பாக்கி. ஒரே நிறுவனமான பின் 2023–24இன் பற்றாக்குறை 72.2 கோடி. 2024 ஜூலையில் அரசே சொன்னது: மாதத்துக்கு சுமார் 13 கோடி டாலர் கூடுதல் செலவு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போனார்கள், பற்றாக்குறை போகவில்லை. நாற்காலியில் இருந்தவரின் பின்னணியைவிட, தேவைக்குக் குறைவாகக் கொடுத்த பணமும் ஆண்டுதோறும் ஏறும் சம்பளச் செலவும்தான் அந்தப் பள்ளத்தைத் தோண்டியிருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

வாரியங்களில் கணக்குத் தெரிந்தவர் வேண்டும், மருத்துவம் தெரிந்தவர் வேண்டும், மாவோரிகளின் குரல் இரண்டு இடத்தோடு நிற்கக் கூடாது. இவை எல்லாவற்றோடும், அமைச்சர் நீக்க முடியாத, ஊர்க்காரர் அனுப்பிய ஆட்களும் வேண்டும். 2022 அக்டோபரிலும் 2025 அக்டோபரிலும் உள்ளாட்சித் தேர்தல் உறைகள் வழக்கம்போல வீடுகளுக்கு வந்தன; சுகாதார வாரியச் சீட்டு அவற்றில் இல்லை. அதை நியூசிலாந்து திரும்பக் கொண்டுவர வேண்டும், இந்த முறை சீட்டோடு செலவு முடிவில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.