கை தளரும் அந்த 15 விநாடி

கணக்கு வரவே மாட்டேன் என்கிறது. நோட்டை மூடிவிட்டுக் குளிக்கப் போகிறோம். இரண்டாவது சொம்புத் தண்ணீர் தலையில் விழும்போது விடை வந்து நிற்கிறது. ஏன்?

நாம் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. உடல் எடையில் அது சுமார் 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலிலோ ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வெளிவேலையில் கவனம் குவியும்போது அடங்கி, கவனம் தளர்ந்ததும் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளை 2001-இல் நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிலின் குழு சுட்டிக்காட்டியது. பழைய நினைவைக் கிளறுவதிலும் நாளையை யோசிப்பதிலும் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

தூக்கத்தின் வாசற்படி இன்னும் வியப்பானது. 2021-இல் வெளியான பாரிஸ் ஆய்வு ஒன்றில் எண் புதிர்களைக் கொடுத்தார்கள். சட்டென்று விடை காணும் குறுக்குவழி ஒன்று அவற்றுள் ஒளிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நடுவே 20 நிமிட ஓய்வு: இருட்டறை, சாய்வு நாற்காலி, கையில் ஒரு பொருள். கண் அயர்ந்தால் கை தளரும், பொருள் விழும், விழிப்பு வரும். எடிசனும் இப்படித்தான் குட்டித் தூக்கம் போடுவார் என்பார்கள்.

வெறும் 15 விநாடியாவது லேசாகக் கண் அயர்ந்தவர்களில் 83 சதவீதத்தினர் குறுக்குவழியைப் பிடித்துவிட்டார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம்தான். இன்னும் ஆழ்ந்து தூங்கியவர்களிடம் அந்தப் பலன் இல்லை, 14 சதவீதம்!

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கண் விழித்த நொடியிலேயே குறுக்குவழி புலப்பட்டுவிடவில்லை. மறுபடி உட்கார்ந்து, பல புதிர்களைப் போட்ட பிறகே அது பளிச்சிட்டது.