விசிறி விமானங்களைப் பேணும் பணி

பழைய ஆகாய விமானமொன்றைப் பேண முற்படுவோர் முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. அதனைப் பறக்கவிட்டுக் காப்பதா, நிறுத்திவைத்துக் காப்பதா? பறக்கவிட்டால் உறுப்புகள் தேயும். நிறுத்திவைத்தால் இயந்திரம் ஊமையாகிவிடும். கொன்ஸ்டலேஷன் என்னும் விமானத்தின் பிற்கால வரலாறு இவ்விரு வழிகளையும் நன்கு விளக்குகின்றது.

அமெரிக்காவின் லொக்ஹீட் நிறுவனம் அமைத்த இவ்விமானம் 1943ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி முதன்முறையாக வானிலேறியது. டொல்பின் மீனையொத்த வளைந்த உடல், பின்புறத்தில் மூன்று நிமிர்ந்த வாற்செட்டைகள், நான்கு விசிறிகள், ஒவ்வொரு விசிறியையும் சுழற்ற 18 உருளைகள் கொண்ட இயந்திரம் என்பன இதன் அடையாளங்கள். 850க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் எயர் சிலோன் நிறுவனமும் டச்சு நிறுவனமான கே.எல்.எம். துணையுடன் இவ்வகை விமானத்தில் பிரயாணிகளை இலங்கையிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்றது. ஜெற் விமானங்கள் பெருகியபின் பெரும்பாலானவை பழைய உலோக விலைக்கு விற்று உடைக்கப்பட்டன.

அலுமினியத்துக்கு முதற்பகை ஈரமும் உப்புக்காற்றுமாகும். பூச்சின் கீழும் ஆணிகளின் ஓரத்திலும் தொடங்கும் அரிப்பு வெளியே தெரியாமலே உள்ளே பரவும். வறண்ட பாலைவனங்களில் விடப்பட்ட விமானங்கள் நெடுங்காலம் கெடாதிருப்பதற்குக் காரணம் இதுவே. அரிசோனாவின் ரூசோன் நகரருகே கிடந்த இராணுவக் கொன்ஸ்டலேஷன் ஒன்றை அவுஸ்திரேலிய ஆர்வலர்கள் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்தனர். 1996ஆம் ஆண்டில் அது பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து சிட்னியை அடைந்தது.

எல்லா முயற்சியும் இவ்வாறு கைகூடுவதில்லை. ஜேர்மனியின் லுப்தான்சா நிறுவனம் 2007இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லைனர் விமானங்களை வாங்கி, ஒன்றைப் பறக்கச் செய்ய முயன்றது; பெருஞ்செலவின் பின் 2018இல் அந்நோக்கத்தைக் கைவிட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி, 1939இல் கட்டப்பட்ட யுங்கர்ஸ் 52 ரக விமானமொன்று சுவிற்சர்லாந்து மலைகளில் வீழ்ந்து, அதிலிருந்த 20 பேரும் மாண்டனர். மலைகளினிடையே ஆபத்தான முறையில் விமானத்தைச் செலுத்தியமையே காரணமென விசாரணை கண்டது. எனினும், விமானத்தின் பராமரிப்பிலும் குறைகள் வெளிப்பட்டன. பழைய விமானத்தில் பிரயாணிகளை ஏற்ற விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

நிறுத்திவைக்கும் வழியில் உயிராபத்தில்லை. ஆயின் வேறொரு பொறுப்புண்டு. மனிலா விமான நிலையத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த கொன்ஸ்டலேஷன் ஒன்றை அவுஸ்திரேலியாவின் லோங்ரீச் நகர நூதனசாலை 2014இல் வாங்கியது. 2017இல் கப்பலேறிய அது, இப்போது குவாண்டாஸ் நிறுவனத்தின் பழைய வர்ணங்களுடன் காட்சி தருகின்றது. ஆனால், அது ஒருபோதும் குவாண்டாஸ் பிரயாணிகளை ஏற்றியதன்று. அமெரிக்கக் கடற்படைக்கெனக் கட்டப்பட்டது. இத்தகைய உண்மையைக் காண்போருக்கு எடுத்துரைக்காவிடின் பூச்சே வரலாறாகிவிடும்.

இங்கேதான் புகைப்படத்தின் பெறுமதி புலப்படுகின்றது. எழுத்து எங்கே இருந்தது, கோடு எவ்வளவு அகலமானது, யன்னல்கள் எத்தனை என்பவற்றைச் சீர்செய்வோர் பழைய படங்களிலிருந்தே அறிகின்றனர். கறுப்பு வெள்ளைப் படம் கோட்டைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. ஆகையால் ஒரேயொரு வர்ணப் படமும் பெருந்துணையாகும்.

இன்று படமெடுப்போர் இரு பக்கங்களையும், பதிவிலக்கத்தையும், விமானியின் கருவிப் பலகையையும் தனித்தனியே எடுத்தல் நன்று. மினுக்கிய அலுமினியம் நண்பகலிற் கண்ணைக் கூசச்செய்யும். காலை மாலை வெயிலே உகந்தது. ஒளித்திறப்பு ஒரு செக்கனில் ஆயிரத்திலொரு பங்காயின், சுழலும் விசிறி நின்றுவிட்டதுபோல் தோன்றும். அறுபதிலொரு பங்கு அளவிற் கமெராவை அசையாது பிடித்தால் சுழற்சி புலனாகும். படத்தின் பின்னே திகதியும் இடமும் எழுதப்படல் வேண்டும்.

சில விமானங்கள் பறக்கட்டும். ஏனையவை கூரையின் கீழ் நிற்கட்டும். எவ்வழியாயினும், கண்டெடுத்த நிலையும் பின்பு செய்த மாற்றமும் படத்திலும் எழுத்திலும் பதிவாதல் வேண்டும். அப்பதிவின்றிப் புதிதாய்ப் பூசப்படும் வர்ணம், காக்க எண்ணிய வரலாற்றையே மறைத்துவிடும்.