எட்டுப் பாகையில் வந்த வம்பு

பஞ்சிகாவத்தையில் சனம் நெரியும் ஒரு முற்பகல் நேரம். ஓர் இளைஞர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளைப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து எனது மேசையில் வைத்தார். "நானா, நீங்க தந்தது டூப்ளிகேட்" என்றார். கடையில் அப்போது ஆறேழு பேர் நின்றார்கள். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இந்த ஒரு வார்த்தையின் பாரம் நன்றாகத் தெரியும்.

அவரிடம் இருப்பது 1990ஆம் ஆண்டு மொடல் மஸ்டா எம்.எக்ஸ்.-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற, கூரை மடிக்கும் இரண்டு ஆசனக் கார். 1,597 சி.சி. எஞ்சின். டேர்போ கிடையாது, தானாகக் காற்றை இழுக்கும் எஞ்சின். மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் பிளக்கும் பிளக் வயரும் என்னிடம் வாங்கியிருந்தார். அதன்பின் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில், டின்னுக்குள் சரளைக்கல் போட்டுக் குலுக்குவது போல எஞ்சின் சத்தமிட்டதாம். திரும்பி வரும்போது இழுவையும் குறைந்துவிட்டதாம்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு பிளக்குகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரக்கு அசல்தான். ஆனால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஒரு பிளக்கில் மட்டும் மினுங்கும் சிறு மணிகளும் இருந்தன. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். "தம்பி, டைமிங்கில யாரும் கை வெச்சாங்களா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "நீங்கதானே நானா சொன்னீங்க, கொஞ்சம் முன்னுக்கு வெச்சா இழுவை கூடும் என்று" என்றார்.

உண்மைதான், சொல்லியிருந்தேன். பிளக்கைப் பொதி செய்துகொண்டே, மிச்சக் காசை எண்ணிக்கொண்டே சொன்ன வார்த்தை.

டைமிங் என்பது என்ன? பிஸ்டன் மேலே வந்து முட்டிய பிறகு பொறி விழுந்தால் காலம் கடந்துவிடும். பெற்றோல் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகைகள் முன்னரே பொறி விழ வேண்டும். இந்த எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த அடிப்படை அளவு 10 பாகை. வேகம் கூடக் கூட எரிவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது 10 பாகை என்பது ஒரு செக்கனில் ஆயிரத்தில் கால் பங்கு சொச்சம்தான். அதற்கு வேண்டிய கூடுதல் பாகைகளைக் கணினி தானே சேர்த்துக்கொள்ளும். நாம் கைவைப்பது அடித்தளத்தில். அங்கே எட்டைக் கூட்டினால், கணினி சேர்க்கும் ஒவ்வொரு கணக்கின் மேலும் அந்த எட்டு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அளவோடு முன்னே வைத்தால் கீழ் வேகத்தில் எஞ்சின் துடிப்பாக இருக்கும் என்பது பொய்யல்ல. நல்ல பெற்றோல் ஊற்றி 14 பாகை வரை வைத்து ஓட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் நிறைய. அளவு மீறினால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே அழுத்தம் ஏறி, மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் அந்தச் சரளைக்கல் சத்தம். பிந்திய மொடல் கார்களில் இதைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க நொக் சென்ஸர் இருக்கிறது. இந்த மொடலில் அது இல்லை. ஓட்டுகிறவரின் காதுதான் சென்ஸர்.

பிற்பகல் கடையை மகனிடம் விட்டுவிட்டு, எனது டைமிங் லைட்டுடன் அவர் வேலை செய்வித்த கராஜுக்கே போனேன். எஞ்சினைச் சூடாக்கி, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, எஞ்சின் அறையிலுள்ள சிறு சோதனைப் பெட்டியில் டென், ஜி.என்.டி. என்று குறித்த இரண்டு துளைகளையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்தோம். இதைச் செய்தால்தான் கணினி தன் விளையாட்டை நிறுத்தும். இணைக்காமல் பார்ப்பது, குலுங்கும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. 850 சுற்றில் ஓடவிட்டு, முதலாம் சிலிண்டர் வயரில் லைட்டை மாட்டிப் புல்லியில் அடித்துப் பார்த்தால் கோடு 18இல் நின்றது.

பாஸ் லைட் பிடிக்கவே இல்லை, காதால் கேட்டு வைத்ததாக ஒத்துக்கொண்டார். அவரை முழுதாகக் குறைசொல்லவும் முடியாது. எஞ்சின் தலையின் பின்பக்கம், 12 மி.மீ. போல்ட் ஒன்றைத் தளர்த்தித் திருப்பும் சென்ஸர் அது. கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், சென்ஸரை நான்கு பாகை அசைத்தாலே எட்டுப் பாகை மாறிவிடும். கைக்கு அது ஓரிரு மில்லிமீற்றர்தான். காது இதை எப்படிப் பிடிக்கும்? போதாததற்கு நம்மவர் 95 ஒக்டேன் விலை கூட என்று 92 ஊற்றியிருக்கிறார். (95 ஊற்றினால் எஞ்சினுக்குப் பலம் வரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒக்டேன் பலம் தருவதில்லை, தானாக வெடிப்பதைத் தாங்கும், அவ்வளவுதான்.)

கோட்டை 10க்குக் கொண்டுவந்து போல்ட்டை இறுக்கி, மறுபடியும் லைட் அடித்துப் பார்த்துவிட்டு வயர்த்துண்டை எடுத்தோம். இந்த வயரை மறந்துவிட்டு ஓட்டிப்போகிறவர்களும் உண்டு. பிறகு கொம்ப்ரெஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் ஒன்று போல, மூன்றாவது மட்டும் வெகுவாகக் குறைவு. அதற்குள் சிறிது ஒயில் விட்டுப் பார்த்தபோது அளவு ஏறியது. வால்வில் பிழையில்லை, பிஸ்டன் பக்கம்தான் என்று தெரிந்தது. கழற்றிய பிறகு, ரிங் உட்காரும் வரம்பு வெடித்திருந்ததை அவரே விரலால் தடவிப் பார்த்தார்.

பிளக்குக்குக் காசு திருப்பித் தரவில்லை. அதில் பிழையில்லை என்பதைக் கடையில் அன்று நின்றவர்களில் இருவருக்குப் பழுதான பிஸ்டனைக் காட்டியே சொன்னேன். ஆனால் பிஸ்டனையும் ரிங் செட்டையும் வந்து இறங்கிய விலைக்கே கொடுத்தேன். அந்த லாபம் என்னுடைய வாய்க்குத் தண்டம். கூலியில் பாதியைக் கராஜ்காரர் விட்டுக்கொடுத்தார். மிச்சம் அவருடைய பை. இப்போது டைமிங் பற்றி யாராவது கேட்டால், லைட் இருக்கிறதா, என்ன பெற்றோல் ஊற்றுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் வாய் திறக்கிறேன்.

கடந்த மாதம் அவர் வந்து, அந்தச் சென்ஸரின் அடியில் ஒயில் கசிகிறது என்று ஓ-ரிங் ஒன்று கேட்டார். இந்த மொடலில் அது வழக்கமான கசிவு. லைட் பிடித்து 12 பாகையில் வைத்திருக்கிறாராம், 95தான் ஊற்றுகிறாராம், கடுகண்ணாவயில் சத்தமே இல்லையாம். பெற்றோல் செலவைப் பற்றி மட்டும் கால் மணித்தியாலம் முறைப்பட்டுவிட்டுப் போனார்.