கோப்பைக்குள் ஒரு ராகம்

கையிலிருக்கும் பிளேன்டிக் கோப்பையைக் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி தட்டுங்கள், சுரம் ஏறியிருக்கும். ஜலதரங்கம் என்ற இசைக்கருவியின் சூட்சுமம் இவ்வளவுதான்! அரைவட்டமாகப் பீங்கான் கிண்ணங்கள், அளவளவாய்த் தண்ணீர், இரண்டு மெல்லிய குச்சிகள்.

ஜாஸ் மேடையின் வைப்ரஃபோனும் தட்டி வாசிப்பதே. அதில் உலோகப் பட்டைகள். ஒலியை அலையாட்ட மின்மோட்டார். ஜலதரங்கத்தில் மோட்டார் ஏது? கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வேண்டுமென்றால் குச்சி நுனி தண்ணீரைத் தொட வேண்டும். பொல்லாத பொறுமை வேண்டிய வேலை.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சீதா துரைசாமி ஜலதரங்கத்தைச் சிறுவயதிலேயே கற்றவர்; தமிழ்நாட்டின் கலைமாமணி. 2013இல் மறைந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள்.