ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும்: ஊவாத் தோட்டங்களில் அன்றும் இன்றும்

பசறை, ஹாலிஎல, தெமோதரை, லுணுகலை என்று பதுளையைச் சுற்றி எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் விடியற்காலை அடுப்பில் இரண்டைத்தான் பார்க்கலாம்: ரொட்டிக்கல், தேத்தண்ணிக் கேத்தல். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இதுதான் நம் சாப்பாடு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆனால் இந்த மலைகளில் முதன்முதலாக ஏறி வந்த நம் முன்னோருக்கு இந்த ரொட்டியும் தெரியாது, தேத்தண்ணியும் தெரியாது. இரண்டும் பிறகு வந்தவை. ஒன்றைக் கொண்டு வந்தது ஒரு பயிர்நோய். மற்றதைக் கொண்டு வந்தது ஒரு போர்.

கூழும் களியும்

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் கடனும் விரட்ட, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கடல் கடந்து நடந்து வந்தவர்கள் அவர்கள். ஊரில் அவர்கள் உண்டது கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், காலையில் நீராகாரம். வந்து இறங்கியது கோப்பித் தோட்டத்தில். இங்கே வயலும் இல்லை, தானியமும் இல்லை. தோட்டம் இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. களி கிண்டிய கைகள் சோறு பொங்கப் பழகின. அடுப்பில் நடந்த முதல் மாற்றம் அதுதான்.

மடுல்சீமையில் தொடங்கிய கதை

1869-இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்தது. இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் முதலில் கண்டறியப்பட்ட இடம் அது. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருந்த கோப்பியை அடுத்த இருபதே ஆண்டுகளில் அந்தப் பூஞ்சை துடைத்தெடுத்துவிட்டது. நோய் தென்படுவதற்கு ஈராண்டு முன்பே, 1867-இல், கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி பட்டுப்போன மலைகளிலெல்லாம் தேயிலை ஏறியது. 1883 ஜூலை 30-இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890-இல் வந்த தாமஸ் லிப்டன் ஹப்புத்தளை அருகே டம்பத்தென்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கி, இங்கிலாந்தின் சாதாரண உழைப்பாளியும் வாங்கக்கூடிய விலையில் பொட்டலம் போட்டு விற்றார். 1924-இல் பதுளை வரை ரயில் வந்தபோது, ஊவாத் தேயிலை கொழும்புக்கு இறங்குவது இன்னும் எளிதாயிற்று.

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில் வாடி வளரும் கொழுந்துக்குக் குளிர்ச்சியான ஒரு தனி மணம் உண்டு. அந்த மணத்துக்காகவே வெளிநாட்டு வணிகர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளியவளின் வீட்டுக்கு வந்தது சலித்து எடுத்த பின் மிஞ்சும் தூள். அதையும் அவள் வீணாக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டு, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் சாயம் இறக்கினாள். பால் கிடையாது. சீனியைக் கோப்பையில் போட்டால் மாதக் கடைசி வரை காணாது. அதனால் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு தேத்தண்ணி என்று குடித்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் குளிரையும் பசியையும் சேர்த்து அடக்கியது அந்தச் சூடுதான்.

கப்பல் நின்றபோது வந்த மா

இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. அதிலும் பர்மா அரிசிதான் அதிகம். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டில் அரிசி குறைந்தது. குறைந்த இடத்துக்குக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பிறகும் மா திரும்பிப் போகவில்லை. 1950-களிலிருந்து அமெரிக்க உணவு உதவியாக வந்தது. 1980-இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின் எந்தக் கடையிலும் கிடைத்தது.

மாவுக்கு வழி கண்டவர்கள் நம் பெண்கள். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, கையாலேயே வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டார்கள். ஓரம் கருகி, நடுவில் தேங்காய் வெந்து மணக்கும்போது எடுத்துவிடுவார்கள். காய்ந்த மிளகாய், வெங்காயம், உப்பை அம்மியில் வைத்து நசுக்கினால் கட்டச் சம்பல். சோறு என்றால் கறியும் வேண்டும், இரண்டு பானைக்கு விறகும் வேண்டும். ரொட்டிக்கு ஒரு கல் போதும். துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோனால் பகல் வரை கெடாது, கொழுந்துக் கறை படிந்த கையால் பிய்த்துத் தின்னலாம். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணின் நேரத்துக்கு ஏற்ற சாப்பாடு அது.

அந்த மாவும் கிடைக்காத காலம் உண்டு. 1973, 74-இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, சொந்த நிலமில்லாத தோட்டத்து மக்களே அதிகம் அடிபட்டார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்தது. பசியால் செத்தவர்களைப் பார்த்த முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மா விலை ஏறியபோது அந்தப் பயம் மறுபடியும் லயங்களுக்குள் வந்தது.

இன்று

தேயிலையை இறக்கிய அதே ரயிலில் இன்று சுற்றுலாப் பயணிகள் எல்ல என்ற ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். அங்குள்ள உணவகங்களில் தேங்காய் ரொட்டி தட்டில் அழகாக வருகிறது. நம் பெண்களின் கைப்பக்குவத்துக்கு அது பெருமைதான். ஆனால் லயத்து அடுப்பில் கதை வேறு. தேங்காய் விலையேறினால் ரொட்டியில் தேங்காய் குறைகிறது. வெறும் மாவும் சாயமும் மிஞ்சுகின்றன. 2016-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளவில் 17 விழுக்காடு. தோட்டப்புறத்தில் 32 விழுக்காடு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயம், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்பதையும் நம் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தத் தீங்கு குறையும்.

ரொட்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது நம் உழைப்பின் ருசி. ஆனால் தட்டுப்பாட்டில் பிறந்த உணவே ஒரு சமூகத்தின் முழு உணவாக நிற்கக் கூடாது. கோதுமை மாவோடு குரக்கன் மாவையும் கலப்போம். நம் முன்னோர் களி கிண்டிய கேழ்வரகுதான் அது, ஊவாவிலேயே விளைகிறது. வீட்டுக்கு வீடு முருங்கையும் கீரையும் நட ஒரு துண்டு நிலம் கேட்போம். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்போம். உலகமே விரும்பிக் குடிக்கும் ஊவாத் தேயிலையை, அதைப் பறிப்பவர்களுக்கும் தரமாகக் கொடுங்கள் என்று கேட்போம். இது சலுகை அல்ல. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான உழைப்புக்குச் சேர வேண்டிய பங்கு.