'பெயில்' என்ற சொல் வந்த வழி

ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. பஸ், டிக்கெட், டாக்டர் என்ற அந்த வரிசையில் 'பெயில்' என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட, "பேரன் பாசா, பெயிலா?" என்றுதான் கேட்பாள்.

லாரிக்கு பிரேக் பெயில். தெருவுக்கு கரண்ட் பெயில். ஆஸ்பத்திரியில் கிட்னி பெயிலியர். காதலில் தோற்ற வாலிபனுக்கு லவ் பெயிலியர். கோர்ட்டில் வக்கீல் வாங்கித் தரும் 'பெயில்' மட்டும் வேறு, அது ஜாமீன். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று ஆளை வெளியே கொண்டுவரும். மற்றொன்று வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளச் செய்யும்.

இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. பிரேக் பெயிலான லாரியைப் பழுது பார்த்த பிறகு யாரும் 'பெயில் லாரி' என்று அழைப்பதில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் தெரு பழைய தெருவாகிவிடுகிறது. மனிதனுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. 'அவன் எஸ்.எஸ்.எல்.சி. பெயில்' என்றால் அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. முப்பது வருஷம் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகும் உறவினர் வாயில் அவர் எஸ்.எஸ்.எல்.சி. பெயில்தான். 'ஆட்கள் தேவை' விளம்பரங்களில் இன்றைக்கும் 'பத்தாம் வகுப்பு பாஸ் / பெயில்' என்று அச்சாவதைக் காணலாம்.

ஆனால் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. 'பெயில்' மனிதனுக்காகப் பிறந்த பட்டமே அல்ல. மனிதன் மேல் அது ஒட்டியது மிகவும் பிற்காலத்தில்தான்.

ஏமாற்றுவதில் தொடங்கியது

இந்தச் சொல்லின் மூலம் லத்தீன் மொழியில் உள்ள 'பல்லெரே' என்ற வினைச்சொல். ஏமாற்றுதல், இடறி விழச்செய்தல் என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழிக்குப் போனபோது, குறைந்துபோதல், இல்லாமற்போதல், வேண்டிய நேரத்தில் கைவிடுதல் என்று பொருள் விரிந்தது. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டார்கள். அவர்களுடைய பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் கலந்தன. 1200-ஐ ஒட்டிய காலத்தில் 'பெயில்' ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிவிட்டது.

இதன் உடன்பிறப்புகளும் நமக்குத் தெரிந்தவைதான். பொய் என்று பொருள்படும் 'பால்ஸ்', குறை என்று பொருள்படும் 'பால்ட்' ஆகிய இரண்டும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. கடன் தவணை கட்டாதவரை பாங்குக்காரர்கள் 'டிபால்டர்' என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம்.

'ஏமாற்று' என்ற சொல்லிலிருந்து 'கைவிடு' என்ற பொருள் எப்படி வந்தது என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை வராவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? 'மழை பொய்த்துவிட்டது' என்கிறோம். வருவதாக நம்பவைத்து வராமல் போனது பொய் சொன்னதற்குச் சமம் என்பது நம் முன்னோர் கணக்கு. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலும் மழை 'பொய்ப்பது' பற்றிய பேச்சு வருகிறது. சர்க்கார் அறிக்கைகளில் 'மான்சூன் பெயிலியர்' என்று எழுதுவதும், கிராமத்து விவசாயி 'வானம் பொய்த்துப் போச்சு' என்று சொல்வதும் பொருளில் மட்டுமல்ல, வேரிலும் நெருங்கியவை.

'தவறு' என்ற நம் சொல்லும் அப்படித்தான். கால் தவறுகிறது, பரீட்சையில் தவறுகிறான், வாக்குத் தவறுகிறான். அலுவலகச் சுற்றறிக்கைகளில் கடைசி வரியில் 'விதவுட் பெயில்' என்று ஓர் அதட்டல் இருக்கும். குமாஸ்தாக்களுக்கு அது பழக்கமான வரி. அதையே தமிழில் 'தவறாமல்' என்கிறோம்.

ஆங்கிலத்திலும் ஆரம்ப காலத்தில் எவையெல்லாம் பெயிலாயின? ஊற்று வற்றினால் பெயில். விளைச்சல் குறைந்தால் பெயில். கிழவருக்குக் கண்பார்வை மங்கினால் பெயில். மாலையில் வெளிச்சம் குறைந்தாலும் பெயில். இவையெல்லாம் நிகழ்ச்சிகள். எதற்கும் அது நிலையான பெயராக இருந்ததில்லை.

'பெயிலியர்' என்ற பெயர்ச்சொல் பிறகு, 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்தின் கோர்ட்டுகளில் நெடுங்காலம் வழங்கிய ஒருவகைப் பிரெஞ்சு மொழியிலிருந்து அது பிறந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது என்பதே அதன் முதல் பொருள். அப்போதும் அது செயலைத்தான் குறித்தது, ஆளை அல்ல.

வியாபாரத்தில் விழுந்த அடி

மனிதனை நெருங்கியது வியாபாரத்தின் வழியாக. கடனைத் திருப்பித் தர முடியாத வியாபாரி 'பெயிலானான்' என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். பிரெஞ்சு மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இந்த வேரிலிருந்து வந்த சொற்களுக்கு இன்றும் 'திவால்' என்பதே பொருள்.

இந்தியாவில் அந்த வார்த்தையைப் பெரிய அளவில் கேட்ட நகரம் பம்பாய். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது நின்றது. பம்பாய்ப் பஞ்சுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விலை கிடைத்தது. புதிய பாங்குகளும் கம்பெனிகளும் புற்றீசல்போலக் கிளம்பின. ஷேர் வாங்காதவன் முட்டாள் என்ற நிலை. 1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. பாங்க் ஆப் பம்பாயும் நொடித்துப்போய் 1868-ல் கலைக்கப்பட்டது.

அந்தச் சூதாட்டத்தின் ராஜா என்று பெயரெடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். அவரும் விழுந்தார். ஆனால் விழுவதற்கு முன் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெருந்தொகையை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். அதைக்கொண்டு 1878-ல் கட்டி முடிக்கப்பட்டதுதான், அவருடைய தாயாரின் பெயரைத் தாங்கி நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு. இன்றும் மும்பைக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள் நிமிர்ந்து பார்க்கும் கோபுரம் அது. எத்தனையோ மாணவர்களுக்கு 'பெயில்' என்று முடிவு சொன்ன பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு, வியாபாரத்தில் பெயிலான ஒருவர் கொடுத்த பணத்தில் எழுந்தது.

சென்னையின் முறை 1906-ல் வந்தது. அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. உத்தியோகஸ்தர்கள், விதவைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று பல குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அடியின் வலியில்தான், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்க் தோன்றியது.

நம் ஊர்ப் பேச்சில் 'ஐ.பி. கொடுத்துவிட்டான்', 'மஞ்சள் நோட்டீஸ் விட்டான்' என்ற வழக்குகளும் இத்தகைய வீழ்ச்சிகளின் மிச்சமே. இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்தான் 'ஐ.பி.'

ஆள் மேல் ஒட்டிய சீட்டு

'அவன் பெயிலானான்' என்பது 'அவனே ஒரு பெயிலியர்' என்று மாறியது எப்போது? 19-ஆம் நூற்றாண்டில் என்கிறார் ஸ்காட் சாண்டேஜ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 2005-ல் வெளிவந்த அவருடைய நூல் இந்த மாற்றத்தையே ஆராய்கிறது.

1837-ல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. அதில் நொடித்தவர்களுள் நியூயார்க் பட்டு வியாபாரி லூயிஸ் டாப்பனும் ஒருவர். அவர் 1841-ல் ஒரு புதிய தொழிலைத் தொடங்கினார். கடன் கேட்கும் வியாபாரிகளின் நாணயம் எப்படி என்று ஊர் ஊராக விசாரித்து, பேரேட்டில் எழுதிவைத்து, கேட்பவர்களுக்குக் கட்டணத்துக்குச் சொல்லும் தொழில். அந்தப் பேரேடுகளில் கணக்கு மட்டும் ஏறவில்லை. ஆளின் குணமும் ஏறியது. குடிப்பானா, உழைப்பாளியா, முன்பு விழுந்தவனா என்பதெல்லாம் இரண்டு வரியில் பதிவாயின. ஊர் மாறினாலும் பேரேடு பின்தொடர்ந்தது. ஒரு வருஷத்தில் நடந்த நஷ்டம் ஒரு மனிதனின் குணம் ஆகிவிட்டது.

பரீட்சையும் குமாஸ்தாவும்

ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவில் பரீட்சை என்ற பேரேடு திறக்கப்பட்டது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சர்க்கார் வேலைக்கு அவற்றின் சான்றிதழே சாவி ஆயிற்று.

கல்கத்தாவில் 1858-ல் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் பட்டம் பெற்றவர்கள் இருவரே. அவர்களுக்கும் ஒரு பாடத்தில் மார்க் போதவில்லை. கருணை மார்க் போட்டுத்தான் தேற்றினார்கள். அந்த இருவரில் ஒருவர், பிற்காலத்தில் 'வந்தே மாதரம்' எழுதிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. கருணை மார்க் கிடைக்காதிருந்தால் அவரும் 'பி.ஏ. பெயில்'தான்.

கருணை மார்க் கிடைக்காதவர் கதை நமக்கு நன்றாகத் தெரிந்தது. கும்பகோணம் காலேஜில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் சீனிவாச இராமானுஜன். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907-ல் எப்.ஏ. பரீட்சையிலும் தவறினார். வேலை தேடி அலைந்த அந்த வாலிபருக்கு 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தாம் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். 1918-ல் அவர் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார்.

எல்லாரும் இராமானுஜன் ஆக முடியாது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியவர்கள் துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்கள். நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் எப்.ஏ. தேறாத அந்தக் குமாஸ்தாவிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அவருக்காகப் பரிந்து பேசினார்கள். சான்றிதழை மட்டும் பார்த்திருந்தால் கதை 30 ரூபாயோடு முடிந்திருக்கும்.

எஞ்சினீயர் சொல்லும் பாடம்

'பெயில்' என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறவர்கள் எஞ்சினீயர்கள். எந்தப் பொருளும் ஒருநாள் பெயிலாகும் என்று வைத்துக்கொண்டே அவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். ரயிலின் பிரேக் குழாய் உடைந்து காற்று வெளியேறினால் வண்டி தறிகெட்டு ஓடுவதில்லை. பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. 'பெயில் சேப்' என்று இதற்குப் பெயர். பெயிலானாலும் உயிருக்கு ஆபத்து வராத ஏற்பாடு.

படிப்பிலும் அத்தகைய ஏற்பாடுகள் உண்டு. சி.பி.எஸ்.இ. 2020-ல் தன் முடிவுகளிலிருந்து 'பெயில்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'மீண்டும் எழுத வேண்டும்' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டது. சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. மீண்டும் எழுத வழியும் வேண்டும். தமிழ்நாட்டில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் தவறியவர்களுக்கு அதே வருஷத்தில் துணைத்தேர்வு நடக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், வேலை பார்த்துக்கொண்டே பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதி முடிக்க வழி தருகிறது. ஊர்விட்டு ஊர் மாறியதால் பள்ளி தடைப்பட்ட பிள்ளைகளுக்கும், வயது கடந்த தொழிலாளிகளுக்கும் இது உதவும்.

ரிசல்ட் வரும் நாளில் அடுத்த வீட்டார் கேட்கும் கேள்வியைத் தடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் பேசும் பேச்சை மாற்ற முடியும். 'பையன் பெயில்' என்பது பாதி வாக்கியம். எதில், எப்போது என்ற இரண்டும் அதில் இல்லை. 'இந்த வருஷம் கணக்கில் தவறிவிட்டான், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று' என்பதே முழு வாக்கியம்.