சுவரில் எழுதிய பால் கணக்கு

பிட்காயினில் பணம் போட்டால் யாருக்கும் தெரியாதாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: ஊருக்கே தெரியும், பெயர் மட்டும் தெரியாது. நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் செம்பனை மூடுமுன் ரப்பர் மரம் சீவியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பால் கொட்டகையில் வாளியை நிறுத்துக் கிராணி கணக்கெழுதுவார். அந்தக் கணக்கைப் பெயரில்லாமல், எண்ணை மட்டும் போட்டு, அழியாத மையில் சுவரில் எழுதினால் அதுதான் பிளாக்செயின். 47ஆம் எண் யாரென்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், பழைய வரிகளும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும்.

பிட்காயினில் வந்த தொகை ஒவ்வொன்றும் தனி வாளி. 5 லிட்டர் வாளியில் 2 லிட்டர் கொடுக்க முழுவதையும் கவிழ்க்க வேண்டும். மீதி 3 புது வாளியில் திரும்பும். 7 லிட்டர் தேவையென்றால் இரண்டு வாளிகளைக் கவிழ்க்க வேண்டும். மாட்டுவது அங்கேதான்: சேர்ந்து கவிழ்ந்த வாளிகளுக்குச் சொந்தக்காரர் ஒருவரே என்று சுவரைப் படிப்பவர் ஊகிப்பார். இந்த ஊகத்தைக் குலைக்க 2013இல் பிட்காயின் நிரலாளர் கிரெகரி மாக்ஸ்வெல் சொன்ன வழி காயின்ஜாயின். பலர் ஒரே தொட்டியில் ஊற்றி, ஒரே அளவு வாளிகளில் மொண்டுகொள்கிறார்கள். என் வாளி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒவ்வொருவரும் கையெழுத்திடுவார். ஒரு கையெழுத்து குறைந்தாலும் தொட்டி திறக்காது. ஆனால் தொட்டியில் கலந்த பால் பிரியாது, பிட்காயின் பிரியும். மொண்ட வாளிகளைப் பிறகு பழைய வாளியோடு சேர்த்துக் கவிழ்த்தால் பாடெல்லாம் வீண்.

இந்த ஆபத்து புதிதல்ல. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008இல் வெளியிட்ட கட்டுரையே, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதுச் சாவி, அதாவது சுவரில் புது எண், வேண்டும் என்றும், அப்படியும் சேர்த்துக் கவிழ்ப்பது காட்டிக்கொடுக்கும் என்றும் எச்சரித்தது. யாருக்கும் தெரியாது என்று விளம்பரம் செய்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

தப்பு செய்யாதவனுக்கு மறைப்பு எதற்கு என்பார்கள். மலேசியாவில் 2019 முதல் கிரிப்டோ சந்தைகள் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பதிவுபெற்ற சந்தை அடையாள அட்டை கேட்கும். எண்ணுக்குப் பெயர் ஒட்டுவது அங்கேதான். விசாரிக்க வேண்டியவர்களுக்கு அந்த வழி போதும். கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. நீங்கள் சாமான் வாங்கிக் காசு கொடுத்த கடைக்காரர் உங்கள் வங்கிப் புத்தகத்தைப் புரட்ட முடியாது; இந்தச் சுவரில் நீங்கள் கொடுத்த வாளி வந்த வழியையும் மீதி போன இடத்தையும் அவர் படிக்கலாம். ஆகவே ஒவ்வொரு வரவுக்கும் புது எண் (முகவரி), தேவையில்லாமல் வாளிகளைச் சேர்க்காத பழக்கம், முகவரியை ஊரறியப் பகிராத அடக்கம் இவையே பாதுகாப்பு. வாளியைக் கொடு, கலக்கித் தருகிறேன் என்பவரை நம்பினால் பாலும் போகும், வாளியும் போகும்.